உழவு இயந்திரத்துக்கு ‘ஹயர்’, களஞ்சியத்துக்கு ‘ரென்ட்’: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நெல்லும் நிலக்கடலையும் செய்யும் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் செய்கைக்கு உதவும் தொண்டு நிறுவனம் செலவுக் கணக்கை ஆங்கிலத்தில் கேட்டது. உழவு இயந்திர வாடகை, இரண்டு மாதத்துக்கு எடுத்த தண்ணீர்ப் பம்பியின் வாடகை, நெல் மூடைகள் அடுக்கிய களஞ்சிய அறையின் வாடகை, விதை நெற் செய்கைக்காகக் காலபோகத்துக்கு எடுத்த இரண்டு ஏக்கர் வயலின் குத்தகை, பயிற்சிக் கூட்டத்துக்கு எடுத்த கதிரைகளின் வாடகை என்று ஐந்து செலவுகள். ஐந்துக்கும் ‘ரென்ட்’ என்றே எழுதினேன். உழவு இயந்திரம், பம்பி, கதிரை ஆகிய மூன்றையும் ‘ஹயர்’ என்று சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அகராதியில் இரண்டு சொல்லுக்கும் ‘வாடகை’ என்றே இருக்கிறது. வேறுபாடு என்ன? திருத்தியவர்கள் சரியா?
— ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திருத்தியவர்கள் செய்தது சரியே. ஆனால் நீங்கள் எழுதியதும் ஆங்கிலம் அறியாதவர் விடும் பிழையன்று. இதே கணக்கு அமெரிக்காவில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தால், உழவு இயந்திரத்துக்குரிய வரியைத் தவிர மற்ற நான்கையும் அங்கே ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். நம் நாட்டு அலுவலக ஆங்கிலம் பிரித்தானிய வழக்கில் வளர்ந்தது என்பதால் இங்கே சிவப்பு மை பட்டிருக்கிறது. அகராதியும் பொய் சொல்லவில்லை. இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் காட்டிவிட்டு, அவை விலகிப் போகும் இடங்களைக் காட்டாமல் நின்றுவிட்டது.

கிளிநொச்சியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கும் என் மேசைக்கு, பிறப்புச் சான்றிதழ்களுக்கும் காணி உறுதிகளுக்கும் அடுத்தபடியாக அதிகம் வருபவை வாடகை, குத்தகை ஒப்பந்தங்களே. அவற்றோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் எனக்குத் தெளிவானதைச் சொல்கிறேன். கூலி, வாடகை, குத்தகை என்ற நம் மூன்று சொற்களையும் ஒரே வாய்க்காலில் வரிசையாக உள்ள மூன்று வயல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹயர்’ என்ற சொல் கூலி வயலையும் வாடகை வயலையும் செய்கிறது. ‘ரென்ட்’ என்ற சொல் வாடகை வயலையும் குத்தகை வயலையும் செய்கிறது. நடுவயலில் இரண்டுமே இறங்குகின்றன. வரம்புச் சண்டை முழுவதும் அங்கேதான். கரை வயல்கள் இரண்டிலும் சண்டையே இல்லை. ஆகவே ஒரு செலவுக்கு எந்தச் சொல் என்று ஐயம் வரும்போது ‘வாடகை’ என்ற தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைத் தேடாதீர்கள். அந்தச் செலவில் கூலியின் வாடை வீசுகிறதா, குத்தகையின் வாடை வீசுகிறதா என்று முதலில் பாருங்கள்.

‘ஹயர்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் சொல். வேலைக்குக் கொடுக்கும் ஊதியம் என்ற பொருள் அதில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், வேலையாள் தன் ‘ஹயருக்கு’ உரியவன் என்று லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் ‘கூலி’ என்ற சொல்லே நிற்கிறது. இன்றைக்கும் சட்டத்தரணி ஒருவரை ஒரு வழக்குக்கு அமர்த்துவதும், மூடை ஏற்ற நாட்கூலிக்கு ஆள் பிடிப்பதும் ஆங்கிலத்தில் ‘ஹயர்’தான். பணத்துக்குக் கொலை செய்பவனை நாம் கூலிக்கொலையாளி என்கிறோம்; ஆங்கிலத்திலும் அவனுடைய பெயருக்கு முன்னால் ‘ஹயர்’ என்ற வினையே வந்து ஒட்டிக்கொள்கிறது. மனிதரை ‘ரென்ட்’ செய்வதாக எழுதினால், பகிடிக்கோ நிந்தைக்கோ எழுதியதாகவே படிப்பவர் கொள்வார். ஓர் ஆளின் உழைப்பு அந்தச் செலவுக்குள் இருக்கிறதென்றால், ‘ரென்ட்’ என்ற சொல்லை அங்கே வைக்க முடியாது. இரண்டு சொற்களையும் பிரிக்கும் வரம்புகளில் மிக உறுதியானது இதுவே.

‘ரென்ட்’ வேறு வழியால் வந்தது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்த அந்தச் சொல்லின் வேரில், திருப்பிக் கொடுத்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினை இருக்கிறது. ஒருவருடைய சொத்து அவருக்குத் திருப்பிக் கொடுப்பது, அதாவது காணியும் வீடும் ஈட்டித் தரும் வருமானம், அதன் பழைய பொருள். (துணியில் விழும் கிழிசலுக்கும் ஆங்கிலத்தில் ‘ரென்ட்’ என்றொரு சொல் உண்டு, அது வேறு வேரிலிருந்து வந்தது, அகராதியில் அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.) பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் தம் நூலில் ‘ரென்ட்’ பற்றி எழுதியபோதும் மண்ணின் இயல்பான ஆற்றலைப் பயன்படுத்துவதற்காகக் காணிக்காரருக்குக் கொடுப்பதையே அந்தச் சொல்லால் குறித்தார். தமிழில் பொருளியல் எழுதியவர்கள் அதனை வாரம் என்றும் வாடகை என்றும் பெயர்த்தார்கள். சொத்து சும்மா கிடந்தபடியே உரிமையாளருக்குப் பணம் கொண்டுவரும்; அந்தப் பணம் ‘ரென்ட்’.

இவ்வளவும் தெளிவாகத்தான் இருக்கிறது. பிரச்சினை நடுவயலில். ஆளும் இல்லை, காணியும் இல்லை. ஒரு பொருளை எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். இந்த இடத்தில் ஆங்கிலமே காலத்துக்குக் காலமும் நாட்டுக்கு நாடும் மாறியிருக்கிறது. அதே 1611ஆம் ஆண்டு வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில், பவுல் இரண்டு ஆண்டுகள் வசித்த வீட்டை ‘ஹயர்’ செய்த வீடு என்றே எழுதியிருக்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் வசிக்கும் வீட்டுக்கு அந்தச் சொல்லை எழுதினால் பரீட்சைத் தாளில் பிழை விழும். வீடு முழுமையாக ‘ரென்ட்’டின் பக்கம் போய்விட்டது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் வரம்பு அவ்வளவு நகர்ந்திருக்கிறது. அதன் பின்னர் அமெரிக்கர்கள் அந்த வரம்பை இன்னும் தள்ளி, கார், உடை, கதிரை, கட்டட இயந்திரம் எல்லாவற்றையும் ‘ரென்ட்’டுக்கே கொடுத்துவிட்டு, ‘ஹயர்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் மனிதருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்கர் ஒருவர் ‘ஹயர்’ செய்தேன் என்றால், ஒருவரை நிரந்தர வேலைக்கு எடுத்தேன் என்றும் அது பொருள்படும். பிரித்தானியர் அவ்வளவு தூரம் போகவில்லை. கார், படகு, சைக்கிள், கலியாண உடுப்பு, கதிரை, மண்டபம் போன்று குறுகிய காலத்துக்கு ஒரு தேவையை நினைத்து எடுப்பவை அவர்களுக்கு இன்னும் ‘ஹயர்’; வீடு, கடை, அறை, வயல் போன்று மாதக் கணக்கில் கையில் வைத்திருந்து தவணை தவணையாகப் பணம் கட்டுபவை ‘ரென்ட்’. ஆனாலும் பிரித்தானியரிடமும் காரை ‘ரென்ட்’ செய்யும் பேச்சு இப்போது பரவியிருப்பதால், அந்த ஒரு பொருளில் இரண்டையும் பிழை என்று சொல்ல முடியாது.

காலம் மட்டுமே அளவுகோல் என்று எடுத்துக்கொண்டால் தடுக்கி விழ நேரும். பிரித்தானியக் கட்டடத் தொழிலில் மண் வெட்டும் இயந்திரத்தை ஆறு மாதம் எடுத்தாலும் அது ‘பிளான்ட் ஹயர்’ எனப்படும். (இந்தப் ‘பிளான்ட்’ இயந்திரத் தொகுதியைக் குறிப்பது. ஒரு வீதித் திட்டத்தின் மதிப்பீட்டு மொழிபெயர்ப்பில் இதைத் ‘தாவர வாடகை’ என்று ஒருவர் எழுதியிருந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.) மறுபக்கம், வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்கு வந்து சில நாட்கள் கடை போடும் வியாபாரி, கடை போட்ட நிலத்துண்டுக்குக் கொடுக்கும் காசை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் ‘ரென்ட்’ என்றே எழுதலாம், சில நாட்கள்தானே என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவருடைய கடைக்கு வெளிச்சம் கொடுக்கும் மின்பிறப்பாக்கியோ அதே சில நாட்களுக்கு ‘ஹயர்’. நிலம் அசையாது, மின்பிறப்பாக்கி அசையும் என்பது இங்கே காலத்தைவிட வலுவான காரணமாக நிற்கிறது. இதுதான் விதி என்று நீங்கள் குறித்துக்கொள்வதற்குள் மண்டபம் வந்து குழப்பும்: அசையாச் சொத்தாயிருந்தும் மண்டபத்தை ஒரு கூட்டத்துக்கு எடுப்பது பிரித்தானிய வழக்கில் ‘ஹயர்’தான். சில மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்காக இடத்தை மட்டுமன்றி விளக்கு, விசிறி, காவலாளி எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிறோம் என்ற எண்ணம் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதே மண்டபத்தை ஒரு தனியார் கல்வி நிலையம் மாதா மாதம் பணம் கட்டி ஆண்டு முழுவதும் வைத்திருந்தால் அது ‘ரென்ட்’டாகிவிடும்.

நம் ஊர்ப் பேச்சில் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஏற்கெனவே பிரிந்து நிற்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஓட்டோ ஓட்டும் தம்பி ‘இண்டைக்கு ரெண்டு ஹயர்தான் கிடைச்சது’ என்கிறார். யாழ்ப்பாணம் போக வான் பிடித்தால் அது ‘ஹயர் வான்’. சாரதி கூடவே வருவார். சாரதி இல்லாமல் திறப்பை மட்டும் வாங்கிக்கொண்டு நாமே ஓட்டும் கார் ‘ரென்ட் கார்’. ‘வாடகை’ என்ற தமிழ்ச் சொல் காட்டாத வேறுபாட்டை, கடன் வாங்கிய இரண்டு சொற்களால் நம் சாரதிகள் துல்லியமாகக் காட்டிவிட்டார்கள். ஆளின் உழைப்பு உள்ளே இருந்தால் ‘ஹயர்’ என்று நான் மேலே சொன்ன வரம்பே இது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பயணத்தை ‘ஒரு ஹயர்’ என்று எண்ணிச் சொல்வது நம் நாட்டு வழக்கு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும் கணக்கில் ‘ஐந்து ஹயர்’ என்று எழுதினால் ஐந்து பயணங்களா, ஐந்து வாகனங்களா என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டாவது, லண்டன் விமான நிலையத்தில் ‘கார் ஹயர்’ என்ற பலகையைப் பார்த்துச் சாரதியோடு வண்டி வரும் என்று காத்திருக்கக் கூடாது. அங்கே கையில் திறப்பைத்தான் கொடுப்பார்கள். ஆள் இருந்தால் கட்டாயம் ‘ஹயர்’. ஆள் இல்லையென்றால் கட்டாயம் ‘ரென்ட்’ என்பது இல்லை.

பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதிலும் இரண்டு சொற்களும் வேறுபடுகின்றன. ‘ரென்ட்’ என்ற வினை இரு பக்கமும் வெட்டும். வீட்டை எடுப்பவரும் ‘ரென்ட்’ செய்கிறார், கொடுப்பவரும் ‘ரென்ட்’ செய்கிறார். பின்னால் வரும் சிறு சொல்லைப் பார்த்தே யார் யார் என்று அறிய வேண்டும். ‘ஹயர்’ அப்படியன்று. வெறுமனே ‘ஹயர்’ என்றால் எடுப்பவரின் செயல்; கொடுப்பவரைச் சொல்ல ‘ஹயர் அவுட்’ என்று ஒரு சொல் கூட்ட வேண்டும். ‘ஹயரர்’ என்ற பெயர்ச்சொல்லும் எடுப்பவரையே பெரும்பாலும் குறிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல், உழவு இயந்திரம் பற்றிய ஒரு தமிழ் ஒப்பந்தத்தில் ‘வாடகைக்குக் கொடுப்பவர்’ என்றிருந்த இடமெல்லாம் நான் ‘ஹயரர்’ என்று எழுதிவிட்டேன். அதன்படி பார்த்தால், இயந்திரத்தின் உரிமையாளர் தம் சொந்த இயந்திரத்தையே காசு கொடுத்து எடுத்து, பழுது பார்க்கும் செலவையும் தாமே ஏற்பதாக வந்தது. வழக்கை நடத்திய சட்டத்தரணி சிரித்தபடி தாளைத் திருப்பித் தந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அத்தகைய பத்திரங்களில் ‘உரிமையாளர்’ என்றும் ‘எடுப்பவர்’ என்றும் முதற்பந்தியிலேயே பிரித்து எழுதிவிட்டே மேலே போகிறேன்.

இனிக் குத்தகைக்கு வருகிறேன். உங்கள் ஐந்து வரிகளில் சிவப்பு மை படாமல் தப்பிய வயல் வரியே என் கண்ணுக்கு அதிகம் திருத்த வேண்டியதாகப் படுகிறது. குத்தகை என்றால் ‘லீஸ்’ என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். அது பிழையில்லை, ஆனால் ‘லீஸ்’ என்பது ஒப்பந்தத்தின் பெயர், அந்த ஒப்பந்தத்தின்படி கைமாறும் பணத்தின் பெயர் ‘ரென்ட்’. தமிழில் ‘குத்தகைக்கு எடுத்தேன்’ என்பதிலும் ‘குத்தகை கட்டினேன்’ என்பதிலும் ஒரே சொல் ஒப்பந்தத்தையும் பணத்தையும் சுமக்கிறது. ஆங்கிலம் அந்தச் சுமையை இரண்டாகப் பிரித்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதியில், குத்தகைக் கமக்காரர் வயற்காரருக்குக் கொடுப்பது ‘ரென்ட்’ என்றே குறிக்கப்பட்டது. அது பணமாகக் கொடுக்கப்பட்டாலும் நெல்லாக அளக்கப்பட்டாலும் பெயர் அதுவே. ஆகையால் வயலுக்கு நீங்கள் ‘ரென்ட்’ என்று எழுதியது செல்லும். ஆயினும் அதே கணக்கில் களஞ்சிய அறைக்கும் ‘ரென்ட்’ என்றிருப்பதால், படிப்பவர் இரண்டும் ஒரே வகைச் செலவு என்று எண்ணக் கூடும். ‘லீஸ் ரென்ட்’ என்று இரு சொல்லாக எழுதி, பக்கத்தில் ஏக்கரையும் போகத்தையும் குறித்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த இடத்தில் சொல்லைத் தாண்டி ஒரு வார்த்தை. நம் பகுதியில் ஒரு போகத்துக்கு வயல் எடுப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிந்துவிடுகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் பொது விதிப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். நீங்கள் ‘லீஸ்’ என்ற சொல்லை எழுதிய மறுகணம், கணக்காய்வாளர் அந்தப் பத்திரம் எங்கே என்று கேட்பார். பத்திரம் இல்லையென்றால் அந்தச் சொல்லை எழுத முன்னர் அமைப்பின் தலைவரோடு பேசிக்கொள்ளுங்கள். வயல் அரசு அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், அதைக் குத்தகைக்குக் கொடுக்கலாமா என்பதும் எழும்; அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மொழிபெயர்ப்பாளனல்ல, பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. அதேபோல் வயற்காரர் உங்களிடம் ஒரு தொகையை முன்னரே வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும் வரை வயலைச் செய்யுங்கள் என்று விட்டிருந்தால் அது குத்தகையே அல்ல, ஒற்றி. ஒற்றியில் நீங்கள் கொடுத்தது கடன், வயலின் விளைவு அதற்கு வட்டி. அதற்கு ‘ரென்ட்’, ‘லீஸ்’, ‘ஹயர்’ மூன்றுமே பொருந்தா. ஈட்டைக் குறிக்கும் ‘மோர்ட்கேஜ்’ என்ற சொல்லின் கீழேயே அது வரும்.

‘லீஸ்’ என்றதும் உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாதாமாதம் கட்டும் ‘லீசிங்’ உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஊரில் நாம் அதைக் கடன் என்று பேசுகிறோம். பத்திரத்திலோ மாதத் தவணையின் பெயர் ‘ரென்டல்’ என்றிருக்கும். காரணம், 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும் அத்தகைய ஒப்பந்தத்தில், பணம் கட்டி முடியும் வரை வாகனம் நிறுவனத்துக்கே சொந்தம். நாம் அதைப் பயன்படுத்துவதற்குக் கட்டுகிறோம். இதற்கு அண்ணன் முறையானது ‘ஹயர் பர்ச்சேஸ்’. அதிலும் கடைசித் தவணை கட்டும் வரை வாங்குபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘ஹயரர்’, எடுத்து வைத்திருப்பவர். உங்கள் அமைப்பின் உறுப்பினர் ஒருவர் லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தால் உங்கள் வயலை உழுதிருந்தால், அவர் நிறுவனத்துக்குக் கட்டுவது ‘ரென்டல்’, நீங்கள் அவருக்குக் கொடுத்தது ‘ஹயர்’. இரண்டும் ஒரே இயந்திரத்தின் மேல் நடக்கின்றன என்பதால் ஒரே பெயர் இட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஐந்து வரிகளையும் இப்போது ஒருமுறை பார்ப்போம். உழவு இயந்திரத்தைச் சாரதியோடு அழைத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்திருப்பீர்கள். வயலில் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே ‘உழவுக் கூலி’. நாக்கில் கூலி என்று வந்ததைக் கணக்கில் எழுதும்போதுதான் வாடகை ஆக்கியிருக்கிறீர்கள். ஆகவே அது ‘ஹயர்’, வேறு பேச்சில்லை. ஆனால் சாரதிக்குத் தனியாகக் கைக்காசு கொடுத்து அதற்கும் பற்றுச்சீட்டு வாங்கியிருந்தால், அதை இந்த வரிக்குள் புகுத்தாமல் கூலி வரிக்குக் கொண்டுபோங்கள்.

களஞ்சிய அறை ‘ரென்ட்’. அதில் ஒன்றும் இல்லை. அரச வரவுசெலவு மதிப்பீடுகளிலும் கட்டடத்துக்குக் கொடுப்பது ‘ரென்ட்’ என்ற தலைப்பிலேயே உள்ளூர் வரிகளோடு சேர்ந்து வருகிறது.

கதிரைகள் பிரித்தானிய வழக்கில் ‘ஹயர்’. அமைப்பு நிறைந்த அனுபவமுள்ளதென்றால் பந்தல், ஒலிபெருக்கி, கதிரை மூன்றையும் ஒரே பற்றுச்சீட்டில் ஒரே ஆளிடம் எடுத்திருப்பீர்கள். அப்படியானால் மூன்றையும் ஒரே ‘ஹயர்’ வரியில் தொகுத்தே எழுதலாம்.

பம்பிதான் மெய்யான நடுவயல். ஆள் வரவில்லை, நீங்களே எண்ணெய் ஊற்றி, நீங்களே நிலக்கடலைக்கு நீர் இறைத்திருக்கிறீர்கள், இரண்டு மாதம் உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. ‘ரென்ட்’ என்று நீங்கள் எழுதியதற்கு இதில் போதிய நியாயம் உண்டு. பம்பி ஓர் இயந்திரம், கட்டட இயந்திரங்களுக்கு எவ்வளவு காலமானாலும் ‘ஹயர்’ என்பது பிரித்தானிய வழக்கு என்று பார்த்தால் திருத்தியவர் பக்கமும் நியாயம் உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்காக அவர்களோடு வாதாட மாட்டேன். ஒரே கணக்கில் இயந்திரங்களுக்கெல்லாம் ஒரு சொல், கட்டடத்துக்கும் காணிக்கும் ஒரு சொல் என்று வைத்திருந்தால், அடுத்த போகத்தில் வேறொருவர் கணக்கு எழுத வந்தாலும் வரிகளை ஒப்பிட முடியும். அவர்களுடைய மூன்று திருத்தங்களையும் அப்படியே ஏற்று, வயல் வரியை மட்டும் ‘லீஸ் ரென்ட்’ என்று மாற்றி, குத்தகைப் பத்திரம் இருந்தால் அதன் பிரதியையும் இணைத்துத் திருப்பி அனுப்புங்கள்.